தனியாளாகப் பூட்டும் கதிரை

வத்தளை
11.11.2024

அக்காவுக்கு,

நிரஞ்சலா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளியே என் கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஒன்பது மாதமாக என் போனையும் எடுக்கவில்லை. பெட்டியைப் பதுளை பஸார் இப்றாஹீம் நானாவின் கடைக்குத்தான் போடுகிறேன். அவர் சொன்னால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.

உள்ளே இருப்பது ஒரு கதிரை. நம்பக் கஷ்டமாக இருக்கும், பெட்டியின் உயரம் ஒரு சாண்கூட வராது. இரண்டு பக்கச் சட்டம், நான்கு குறுக்குக் கட்டை, உட்காரவும் சாயவும் வாழைநாரில் பின்னிய பாய் ஒன்று, ஒரு பை நிறைய மர முளை. ஆணி இல்லை, பசை இல்லை. இதை நான்தான் வரைந்தேன், அக்கா. எங்கள் கம்பனி இதுவரை நார்த் தளபாடங்களை முழுசாகவே கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கொள்கலனில் நூற்றைம்பது கதிரைதான் பிடிக்கும். "காலுக்கு நடுவுல இருக்கிற காத்துக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறோம்" என்று மனேஜர் பஸீல் சேர் தலையில் அடித்துக்கொள்வார். படுக்கப் போட்டு அனுப்பினால் அறுநூறு போகும். வாங்குகிற ஜெர்மன்காரர் வீட்டில் பிரித்துத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும்.

அவருக்குத் தமிழும் தெரியாது, நமக்கு ஜெர்மனும் தெரியாது. அதனால் எழுத்தே இல்லாத படத்தாள் ஒன்று வைத்திருக்கிறோம். இப்படி ஒரு சாமானை முன்பின் பார்த்திராத ஒருவர் படத்தை மட்டும் பார்த்துப் பூட்ட முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. எத்தனை நிமிடம் ஆனது, எங்கே சிக்கியது என்று நாலு வரி எழுதினால் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அம்மாவின் வருசத் திதி தை மாதம் வரும். எந்த நாள் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வரலாமா? அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து கம்பனிக் கண்காட்சிக்குப் போயிருந்த நான் ஜெர்மனியிலிருந்து வந்து வாசலில் நின்றபோது, "கண்காட்சி முடிஞ்சிருச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். அதே பஸ்ஸில் திரும்பிப் போனேன். அது எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் நமக்கு இப்போது நீங்களும் நானும் தவிர யார் இருக்கிறார்கள்?

கதிரையைப் பற்றியாவது எழுதுங்கள்.

நிரஞ்சலா


ஸ்பிரிங்வெளி
20.11.2024

நிரஞ்சலா,

பெட்டி வந்து சேர்ந்தது. "பாரமில்ல மகள், ஆனா நனைய விட்டுடாதீங்க" என்று இப்றாஹீம் நானா கடைவாசல் வரைக்கும் வந்து கொடுத்தார். பாரமில்லைதான். ஆனால் மடியில் வைத்தால் முன் சீட்டுக்காரியின் பின்மண்டையில் இடிக்கிறது, நிறுத்தி வைத்தால் கொண்டக்டரின் வழியை மறிக்கிறது. ஸ்பிரிங்வெளி வந்து சேரும்வரை பஸ் முழுக்க என்னிடம் ஒரே கேள்வி. "என்னாங்க அது, கண்ணாடியா?" கதிரை என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று ஆமாம் என்றேன்.

துக்க வீட்டில் வருசம் திரும்பும் முன் புதுச் சாமான் ஏற்றுவதில்லை என்பது உனக்கு மறந்துவிட்டது. கொழும்புத் தண்ணீர் அப்படி. அம்மாவுக்குப் பிறகு நான் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. அதனால் உன் பெட்டியைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மார் நாலரைக்கு வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஆயம்மா என்று என்னைக் கூப்பிட ஒரு குரலும் இல்லாத நேரத்தில் பிரித்தேன்.

இப்போது உன் படத்தாளைப் பற்றி எழுதுகிறேன். நீதான் எழுதச் சொன்னாய்.

முதல் கட்டத்தில் ஓர் ஆள் நிற்கிறான். ஒற்றை ஆள். வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. அவன் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பெரிய பெருக்கல் குறி. பக்கத்துக் கட்டத்தில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சிரித்த வாய். அவர்கள் மேல் ஒரு கோடும் இல்லை.

அக்கா தனியாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதானே உன் ஞாபகத்துக்கு நான் வந்தேன். தனியாக இருக்கிறவளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தனியாக இருக்கிறவளுக்கு இது ஆகாது என்று படம் போட்டு அனுப்பியிருக்கிறாய். நேரில் சொல்ல வெட்கப்பட்டு வரைந்து சொன்னாயோ என்னவோ.

ஆனாலும் விடவில்லை. மூன்று நாள் பிள்ளைகள் போன பிறகு பூட்டிப் பார்த்தேன். ஒரு சட்டத்தில் பாயை மாட்டி, மறு சட்டத்திலும் மாட்டி, நடுவில் குறுக்குக் கட்டையைக் கொடுக்கப் போனால் இரண்டு விரற்கடை இடம் போதவில்லை. பாய் இரண்டு சட்டத்தையும் உள்ளே இழுக்கிறது. ஒரு பக்கத்தை நான் விலக்கிப் பிடித்தால் மறு பக்கம் சாய்கிறது. அதைப் பிடித்தால் கட்டையை யார் சொருகுவது? உன் படத்தில் அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு அப்படி யாரும் நிற்கவில்லை.

எத்தனை நிமிடம் என்று கேட்டாய். மூன்று நாள் என்று போட்டுக்கொள்.

திதியைப் பற்றி எழுத இப்போது ஒன்றுமில்லை.

ஜெயலெட்சுமி


வத்தளை
27.11.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கந்தோரில் பிரித்துத் தொலைத்தேன். கழிவறைக்குள் போய் நின்று படித்து முடித்தேன்.

அந்தப் படம் உங்களுக்காக வரைந்தது இல்லை. பெட்டியில் வருகிற தளபாடம் எல்லாவற்றிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கும். பாரமான சாமானைத் தனியாகத் தூக்க வேண்டாம் என்று சொல்வதற்கு. பத்து கம்பனியின் தாள்களைப் பார்த்து அதே மாதிரி நானும் வரைந்தேன். வரைந்த கை என்னுடையதுதான், அதை மறுக்கவில்லை. பெருக்கல் குறியை இழுக்கும்போது ஸ்பிரிங்வெளியில் யார் பிரிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கை நின்றிருக்கும். நான் யோசிக்கவில்லை. அதற்காக என்னைத் திட்டுங்கள், வேண்டுமென்று செய்ததாக மட்டும் நினைக்காதீர்கள்.

கந்தோரில் நாங்கள் எட்டுப் பேர். ஒரு கட்டையின் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனையைப் பிடிக்க யாராவது ஓடிவருவார்கள். அப்படியே பழகிவிட்டதால் கதிரை தனியாக இருக்கிற ஒருவரிடமும் போகும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானும் வாடகை அறையில் தனியாகத்தான் இருக்கிறேன். போன மாதத்திலிருந்து கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்த ஒரு ஆள் வேண்டும், யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கால்மாட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறேன். சனி ஞாயிறில் சில நாள் கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்பதைத் தவிர வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

இரண்டு விரற்கடை போதவில்லை என்று எழுதினீர்களே, அது படத்தின் தப்பு இல்லை. நாரின் குணம். முறுக்கிய நார் ஈரம் குடித்தால் பருத்து நீளம் குறையும். இங்கே நாங்கள் குளிரூட்டி போட்ட அறையில் பூட்டிப் பார்த்தோம், காய்ந்த நார் லேசாக மாட்டியது. அங்கே இப்போது மழையும் பனிமூட்டமும். பாயை ஒரு நாள் அடுப்புக்கு மேலே, புகை படாமல் சூடு மட்டும் படுகிற மாதிரி தொங்கவிட்டுப் பாருங்கள். பாய் மட்டும்தான், கதிரை இல்லையே. அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் குற்றமாகாது என்று நினைக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு மாடசாமி மாமாவைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லலாமே?

திதிக்கு வருவதைப் பற்றி மறுபடியும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள்.

நிரஞ்சலா


ஸ்பிரிங்வெளி
08.12.2024

நிரஞ்சலா,

பாயை இரண்டு நாள் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். குற்றமா இல்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை. நார் காய்ந்து விட்டுக்கொடுத்தது உண்மைதான். ஆனால் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது, சேலைத் தலைப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டு ஓடினேன். பிறந்த குழந்தையைக்கூட நான் அப்படிக் கொண்டுபோனதில்லை.

மாடசாமி மாமாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவார். வந்து கதிரையைப் பார்த்துவிட்டு, "சின்னவ அனுப்புனதா? அவ எப்ப வாறா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? அதனால் தரையில் சம்மணம் போட்டு, ஒரு சட்டத்தை முதுகால் தள்ளி மறு சட்டத்தைக் காலால் உதைத்துக்கொண்டு நடுவில் கட்டையைச் சொருகினேன். மூன்று கட்டை போனது. நாலாவதில் கால் வழுக்கிச் சட்டம் திரும்பி வந்து மணிக்கட்டில் அடித்தது. வீங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பால் மா கரைக்கும்போது தெரிகிறது. உன் கம்பனிக்கு இதையும் எழுது.

எனக்கு ஒன்று புரியவில்லை. நிற்காத ஒன்றை எதற்காக இப்படி இழுத்துப் பிடிக்கச் சொல்கிறீர்கள்? முதலில் அது தன் காலில் நிற்கட்டும், பிறகு இழுப்பதை இழுக்கலாமே. படித்தவர்கள் எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்தும் இது தோன்றவில்லையா?

கட்டிலை நகர்த்த ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து வருசம் அம்மாவைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கவும் எனக்கு மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அந்த ஐந்து வருசமும் நீ மாதத்துக்கு ஒரு தடவை போனில் வருவாய். அம்மா அன்று முழுவதும் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்க மாட்டாள். நான் ஊட்டிய சோற்றை விழுங்கிக்கொண்டே, "சின்னவ குரலு கம்மியிருந்துச்சு, ஒழுங்கா சாப்புடுறாளோ என்னமோ" என்பாள். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்டு எனக்கு ஞாபகம் இல்லை.

பெற்றவள் மண்ணுக்குள் போன செய்தி கேட்டும் நாலு நாள் அங்கேயே நின்றாய். கண்காட்சியை முடித்துக்கொண்டு வந்தாய். லயத்தில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். "பெரிய உத்தியோகம், லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்று உனக்காகப் பரிந்து பேசியவளும் நான்தான். திதியைப் பற்றிக் கேட்காதே என்றால் கேட்காதே.

ஜெயலெட்சுமி


வத்தளை
29.12.2024

அக்காவுக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

முதலில் அது தன் காலில் நிற்கட்டும் என்ற உங்கள் வரியை பஸீல் சேருக்கு வாசித்துக் காட்டினேன். யார் சொன்னது என்றார். எங்க அக்கா, கோபத்தில் சொன்னது என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை. பாயின் ஒரு பக்கத்தில், சட்டத்தில் மாட்டுவதற்கு இருந்த வளையங்களை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்துக்குச் சப்பாத்து நாடா மாதிரி ஒரு நார்க்கயிறு. சட்டமும் கட்டையும் முதலில் பூட்டிக்கொள்ளும், கதிரை நின்றுவிடும். பாய் அப்போது தொளதொளவென்று தொங்கும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், துளை துளையாகக் கயிற்றை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முடிச்சு. ஈர நாளென்றால் கொஞ்சம் விட்டுக் கட்டலாம். தொய்ந்தால் மறுபடி இழுக்கலாம். ஒரு கை போதும், இன்னொரு கை சும்மா இருக்கலாம்.

பின்னுகிற பெண்களுக்கு ஒரு பாய்க்குப் பத்து நிமிடம் கூடுகிறது என்று பஸீல் சேர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பூட்டிப் பார்த்திருக்கிறார். சாப்பிட்டு வந்தால் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். "அனுப்புங்க" என்றார். ஜெர்மனியிலும் சந்தோசம். அங்கே வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மாடி வீட்டில் தனியாக இருப்பவர்களாம். அதை அவர்கள் இத்தனை நாள் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாதிரிகள் ஜனவரி இருபதாம் தேதி கப்பலுக்குப் போகின்றன. அதற்குள் நீங்கள் ஒரு தடவை பூட்டிப் பார்த்தால் எனக்கு நிம்மதி. இரண்டாவது பெட்டி வருகிறது.

படத்தாளையும் புதிதாக வரைந்தேன். ஒரே ஒரு ஆள், கொண்டை போட்ட பெண். பெருக்கல் குறி எங்கேயும் இல்லை. வாயை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. சிரிக்க வைத்தால் பொய், கவிழ்த்துப் போட்டால் நீங்கள் மறுபடி கோபிப்பீர்கள். வாயே போடாமல் விட்டுவிட்டேன்.

அந்த நாலு நாளைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் புதன்கிழமை, அங்கே காலை ஏழரை மணி. உங்கள் போன் வந்தபோது நான் ஹோட்டலில் பாண் தின்றுகொண்டிருந்தேன். "அம்மா போயிட்டா. நாலு மணிக்கு அடக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நாலு மணிக்குள் வந்து சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கே புறப்பட்டிருந்தால் அடக்கத்துக்கு மறுநாளாவது வந்திருப்பேன். கம்பனி என்னைப் பிடித்து வைக்கவில்லை, அக்கா. டிக்கட் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், வேலை இருக்கிறது என்றவள் நான்தான். அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழைந்து உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. நீங்கள் ஐந்து வருசம் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று நாலு நாள் அந்த அறையில் படுத்துக் கிடந்தேன். கண்காட்சிக்குக்கூடப் போகவில்லை.

இது சமாதானம் இல்லை. என் மேல் தப்பு இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லிவிட்டால் போதும் என்று இருக்கிறது.

நிரஞ்சலா


ஸ்பிரிங்வெளி
14.01.2025

நிரஞ்சி,

இன்று பொங்கல். லயத்தில் எல்லா வாசலிலும் பானை ஏறியிருக்கிறது. நம் வீட்டில் வருசம் திரும்பாததால் பொங்கல் இல்லை. மாடசாமி மாமா வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. பிள்ளைக் காம்பரா லீவு, சாவி என்னிடம்தான். வாசலில் நின்று மற்றவர்கள் பானையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் போய் உன் இரண்டாவது பெட்டியைப் பிரித்தேன்.

பத்தொன்பது நிமிடம். ஈரம் இருந்தது, கயிற்றைச் சற்று விட்டுக் கட்டினேன். யாரையும் கூப்பிடவில்லை. அடிபடவில்லை. மணிக்கட்டும் ஆறிவிட்டது. உன் கம்பனிக்கு எழுதிக்கொள்: ஒருத்தியால் முடிகிறது.

முடித்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. எதிரே பிள்ளைகளின் தொட்டில் சேலைகள் காலியாகத் தொங்கின. வெளியே யார் வீட்டிலோ பால் பொங்கிச் சத்தம் போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன், அங்கே கேட்க ஆளில்லை. ஒருத்தியால் முடியும் என்று காட்டுவதற்காக நானும் ஒரு காரியம் செய்தேன், நிரஞ்சி. அதை உன்னிடம் சொல்லாமல் இனி இருக்க முடியாது. உன் போன கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா போனது புதன்கிழமை காலை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். புதன்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு. உனக்கு நான் போன் பண்ணியது அடுத்த நாள் மத்தியானம்.

மறந்துபோய் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே பண்ணாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாடசாமி மாமா கேட்டார், "சின்னவளுக்குச் சொல்லியாச்சா?" சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கா என்றேன். அதனால்தான் வேறு யாரும் உனக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை நாலு மணி வரைக்கும் அம்மாவை வைத்திருந்தது உனக்காகத்தான் என்று லயம் முழுக்க நினைத்தது. மூன்றரைக்குக்கூட மாமா ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாய். அதை அன்றைக்கே நான் கணக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொல்லாமல் இருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயந்தரம், அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளே, வந்துட்டியா" என்றாள். நான் பெரியவ, ஜெயா என்றேன். "அவ வந்துட்டாளான்னு பாரு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஐந்து வருசம் தூக்கினவள் கை அவளுக்குத் தெரியவில்லை. விடிந்து அவள் போனதும் எனக்குள் என்னவோ இறுகிவிட்டது. நீ வந்தால் எல்லோரும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், அம்மா உன்னைக் கேட்டதாக உன்னிடம் சொல்வார்கள். நான் ஓரமாக நின்று தேத்தண்ணி ஊற்றுவேன். ஒரு நாளாவது அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்தேன். குளிப்பாட்டினேன், சேலை கட்டினேன், வாய்க்கரிசி போட்டேன். அவளுக்கு இரண்டு பிள்ளை இருந்தும் ஒருத்தி கையால் போக வைத்தேன்.

நீ வந்து வாசலில் நின்றபோது கதவைச் சாத்தியது கோபத்தினால் என்று நினைத்தாயா? உள்ளே விட்டால் யாராவது செவ்வாய்க்கிழமை என்று வாய்விடுவார்கள் என்ற பயம். போனை எடுக்காததும், திதிக்கு வா என்று சொல்லாததும் அதே பயம்தான். நீ உன் தப்பு உன் தப்பு என்று எழுத எழுத எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது. இப்போது இல்லை.

திதி இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. வருவதும் வராததும் இனி உன் இஷ்டம். வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனால் நீ வர வேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அக்கா


வத்தளை
20.01.2025

அக்கா,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூன்று நாள் எழுத முடியவில்லை. கதிரைகள் இன்று காலை கப்பலுக்குப் போய்விட்டன. எல்லோரும் கைகொடுத்தார்கள், நானும் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று போனில் இருந்த படங்களைத் தேடிப் பார்த்தேன். மத்தியானம் பனி கொட்டியிருக்கிறது. எனக்கு அதுதான் முதல் பனி. கையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறேன், தலை முழுக்க வெள்ளை, முகம் நிறையச் சிரிப்பு. அந்தப் படத்தை அப்போதே உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே "அம்மாகிட்ட காட்டுங்க" என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அம்மா பக்கத்தில் படுத்திருக்க, அதைப் பார்த்துவிட்டும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை வரைக்கும் என்னைச் சிரிக்க விட்டீர்கள்.

பரவாயில்லை அக்கா என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. பரவாயில்லை இல்லை. ஒரு வருசமாக என்னை நானே தின்றுகொண்டிருந்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா என்னைக் கேட்டாள் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதையும் நீங்கள் உங்களுக்கென்று வைத்துக்கொண்டீர்கள். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, நான் பெரியவ என்று அம்மாவிடம் நீங்கள் சொன்னதை நினைத்தால் என் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று நாளாக இப்படித்தான் மாறி மாறி இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பதுளையில் இறங்க நாலு மணியாகும். ஸ்டேசனுக்கு வர வேண்டாம், பஸ் எனக்குத் தெரியும். லயத்தில் யாரிடமும் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேச மாட்டேன். மாடசாமி மாமா கேட்டால் அன்றைக்கு வர முடியாமல் போனது என்றே சொல்வேன். வீட்டுக்குள் வந்து உங்களோடு பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை. பேசாவிட்டாலும் வீட்டில் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு அரிசி போடுங்கள்.

நிரஞ்சி